நடுவில் கழித்தல்

மின்விசிறியை நிறுத்தினால்தான்
ஈயம் சொன்னபடி உருகும்.
மே மாதம். சத்துவாச்சாரி. மொட்டைமாடி அறை.
முகவாயிலிருந்து ஒரு சொட்டு
சால்டரிங் அயர்ன் முனையில் விழுந்து
சுர்ரென்று போனது.
"தோசையா வார்க்கற?" என்றாள் எஸ்தர்
கட்டிலில் கிடந்தபடி.

மேல்விஷாரத்தில் ஒரு தோல் மண்டியைக் காலி செய்தபோது
எடைக்கு வந்ததாம்.
தாஜுதீனின் காயலான் கடையில்
பேக்ஸ் மெஷினுக்கும் முள் உடைந்த தராசுக்கும் நடுவில்
பல் முளைக்காத ஈறு மாதிரி
ரப்பர் பொத்தான்களோடு கிடந்தது.
முந்நூறு கேட்டார். ஒரு கேசட் இனாம்.
அதன்மேல் நீல மையில் 'கணக்கு'.
வேறொன்றும் இல்லை.

டிவி, ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்து லாட்ஜில்
தட்டை டிவி மாட்டிய அன்று இறக்கிய பெட்டி.
திரையின் வலது மூலையில்
ஒரு வங்காளச் சேனலின் முத்திரை
அணைத்தாலும் போகாமல் தீய்ந்திருக்கிறது.
ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தவர்கள்
எத்தனை மதியம் அதைப் பார்த்தார்களோ.

ஒயர்தான் எங்கும் இல்லை.
மாடிச் சுவரில் யாரும் அறுக்காமல் விட்ட
கேபிள் கனெக்‌ஷனில் மூன்று முழம் வெட்டினேன்.
கறுப்புத் தோலைப் பிளேடால் உரித்து
உள்வலையைப் பிரித்து முறுக்கி
நடுநரம்பைத் தனியே நிறுத்தி...
எனக்கு இது கை பழகியது.
பகலெல்லாம் டயாலிசிஸில் குழாய் மாட்டுகிறேன்.
சிவப்பு போவது, நீலம் வருவது.
மாறினால் என்ன ஆகும் என்று
யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

அதனால்தான் அடாப்டரை இரண்டு தரம் பார்த்தேன்.
பஜாரில் விற்கிற ஒன்பது வோல்ட் எல்லாம்
நடுவில் கூட்டல், வெளியே கழித்தல்.
இதற்கு மட்டும் நடுவில் கழித்தல்.
வெட்டி, திருப்பி, ஒட்டினேன்.

முதலில் ஆன்டெனா துளை வழியாக.
வேலூரில் பனி பெய்தது,
பெட்டிக்குள் மட்டும்.
மூடியைக் கழற்றி, தகர டப்பாவுக்கு முன்னாலேயே
படத்தை மடக்கி
மஞ்சள் துளைக்குக் கொண்டுபோனேன்.
வெள்ளைத் திரை, அடியில் ஒரு கறுப்பு வரி.
வந்த வேகத்தில் மேலே ஓடியது,
மறுபடி கீழிருந்து வந்தது, ஓடியது.
உள்வலை சரியாய்ப் பிடிக்கவில்லை.
கட்டைவிரலால் அழுத்தினேன். நின்றது.
விட்டேன். ஓடியது.
"எஸ்தர், இங்க வா. இத அழுத்திக்கோ."
"ஷாக் அடிக்குமா?"
"அடிக்காது."
"போன்ல வராததா இதுல வரப்போவுது?"
கேட்டுக்கொண்டே வந்து அழுத்தினாள்.

அவள் ஜெபக்கூட்டத்துக்கு வாங்கிய டேப்ரெக்கார்டரில்
கேசட்டைப் போட்டேன்.
தகரத்தில் ஆணி இழுக்கிற சத்தம்.
திரை ஓரமெல்லாம் சிவப்பும் வெளிர்நீலமும்,
பிறகு மஞ்சளும் நீலமும்,
கட்டம் இல்லாத லுங்கி மாதிரி கோடு கோடாய்.
கீழ்வீட்டு பத்மாவதியம்மா
துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார்.
நான்கு நிமிஷம் பிழை. சத்தத்தைக் கூட்டி நான்கு நிமிஷம்.
கரண்ட் போய், வந்து, இன்னொரு நான்கு.
எஸ்தர் விரலை எடுக்கவே இல்லை.

இங்கிலீஷ் எழுத்தில் தமிழாய்க் கேட்டது:
எத்தனை டஜன்?

என்ன சொல்வது? எங்களிடம் ஒரு தோலும் இல்லை.
பூஜ்யம் என்று அடித்தேன்.
எதையோ பூஜ்யத்தால் வகுக்கப் பார்த்து
'எண் மிகப் பெரிது' என்று நின்றுவிட்டது.

நின்றதால் உள்ளே பார்க்க முடிந்தது.
வரி வரியாய் மண்டிக் கணக்கு:
கூலி, கழிவு, உப்பு, லாரி.
நானூற்று இருபதாம் வரியில்
யாரோ எழுதி வைத்திருக்கிறார்:
பெயர் இத்ரீஸ் என்றால்
டஜனுக்குப் பதினொன்று.

"அப்படின்னா?"
"இத்ரீஸ் பதினொரு தோல் குடுத்தாலே
பன்னெண்டுக்குக் காசு."
"மொதலாளிக்குத் தெரியுமா?"
"யாருக்குத் தெரியும்?"
"எழுதினவன் நல்லவனா, திருடனா?"

வியர்வை அவள் முழங்கை வழியே இறங்கிக்கொண்டிருந்தது.
ஒயரை ஒட்ட வேண்டும்.
அதற்கு மறுபடி விசிறியை நிறுத்த வேண்டும்.
"இன்னும் கொஞ்சம் பிடி," என்றேன்.